தாத்தா கப்பல்ல வந்தாரு, பக்கத்து ஏரியா பசங்க லார்ட்ஸுக்குப் போனாங்க

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க மக்களே.

ஜூலை 10, 2019. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை. கழுத்துல புது அடையாள அட்டை, கையில ஆறின காபி. கேண்டீன் டிவி முன்னாடி இருநூறு பேர் மூச்சை அடக்கிட்டு நிக்கிறோம். கப்டில் எறிஞ்ச பந்து நேரா வந்து ஸ்டம்ப்ல பட்டுச்சு. தோனி ரன் அவுட். அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். எங்க டேமேஜர்கூட அன்னிக்கு யாரையும் ஆணி புடுங்கச் சொல்லலை. 'இந்த வருஷம் லார்ட்ஸ்ல இந்தியா ஆடாது, அவ்ளோதான்'னு துக்க வீடு மாதிரி கலைஞ்சு போனோம்.

ராத்திரி பேசின் பிரிட்ஜ்ல ரயில் வழக்கம்போல சிக்னலுக்கு நின்னப்போ, எம்.கே.பி. நகர் நண்பன் ஒருத்தன் பழைய செய்தி ஒண்ணை அனுப்பினான். 'டேய், லார்ட்ஸ்ல இந்தியா ஏற்கனவே ஜெயிச்சாச்சு. அதுவும் இங்கிலாந்தை. அதுவும் நம்ம தண்டையார்பேட்டைப் பசங்கடா.'

நக்கல்னு நினைச்சேன். படிச்சுப் பாத்தா நிஜம். 2019 மே 7ஆம் தேதி, பெரியவங்க உலகக் கோப்பை தொடங்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி, லார்ட்ஸ்ல தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பையோட இறுதிப் போட்டி நடந்திருக்கு. 'இந்தியா சவுத்' அணி இங்கிலாந்து அணியைத் தோற்கடிச்சு கோப்பையை வாங்கியிருக்கு. அணியில பாதிப் பேர் சென்னை, பாதிப் பேர் மும்பை. சென்னைப் பசங்க தண்டையார்பேட்டை கருணாலயாவிலிருந்து போனவங்க. எங்க வீட்டுலேருந்து கருணாலயா சைக்கிள் மிதிக்கிற தூரம். எனக்கு ரெண்டு மாசமா தெரியலை. தோனிக்கு அழுதவன் இதுக்கு சிரிச்சிருக்கணும்ல?

இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். ஆனா நடுவுல எங்க தாத்தா வருவாரு. ஏன்னு கடைசியில புரியும் (புரியலைன்னா மொக்கைன்னு நினைச்சு மன்னிச்சுடுங்க).

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு. பிரிட்டனைச் சேர்ந்த 'ஸ்ட்ரீட் சைல்ட் யுனைடெட்'ங்கற அமைப்பு பெரிய உலகக் கோப்பைகளை ஒட்டி தெருவோரச் சிறாருக்கு ஒரு குட்டி உலகக் கோப்பை நடத்துது. முதல் தடவை 2010 மார்ச்ல தென்னாப்பிரிக்காவின் டர்பன்ல, கால்பந்து. அதுல ஜெயிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? இந்தியா! இறுதிப் போட்டியில தான்சானியாவை ஜெயிச்சது. கால்பந்துல 'உலகக் கோப்பை'ன்னு பேர் வச்ச எதையாவது இந்தியா ஜெயிச்சதா எனக்கு நினைவு இருக்கறது இது ஒண்ணுதான். அப்புறம் 2014ல ரியோ, 2018ல மாஸ்கோ, 2022ல தோஹா. நடுவுல 2016ல ரியோவில தடகளப் போட்டிகளும் நடந்துச்சு. 2018 மாஸ்கோவுக்குப் போன இந்தியப் பெண்கள் கால்பந்து அணியும் கருணாலயா அணிதான். பால் சுந்தர் சிங் தொடங்கின அமைப்பு அது. 1990கள்லேருந்து வடசென்னையில நடைபாதைக் குழந்தைகளோட வேலை செய்யறாங்க.

வடசென்னைன்னா சினிமாக்காரங்களுக்கு அருவா, நமக்கு விளையாட்டு. கேரம், குத்துச்சண்டை, கால்பந்து. எங்க முல்லை நகர் மைதானத்துல வெறுங்காலோட ஆடி இந்திய அணி வரைக்கும் போனவங்க உண்டு. நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட்ல டூரண்ட் கோப்பையில மோகன் பகானுக்கு எதிரா கோல் போட்டப்போ கொல்கத்தாவே எழுந்து நின்னுச்சு, அதுல ஈஸ்ட் பெங்கால்காரங்க பாதி. இதையெல்லாம் ஒரு நேர்காணல்ல சொல்லிப் பாத்தேன். 'எங்க வீடு?'ன்னு கேட்டாரு. 'வியாசர்பாடி'ன்னேன். 'ஓ... ரவுடி ஏரியாவாச்சே'ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். வேலை வேணுமே. (அந்த வேலை கிடைக்கலை. கிடைச்சது வேற இடத்துல. அங்க முகவரியை 'பெரம்பூர் அருகில்'னு எழுதினேன். வெக்கமாத்தான் இருக்கு.)

சரி, கிரிக்கெட்டுக்கு வருவோம். 2019 போட்டியில எட்டு அணி. வங்கதேசம், இங்கிலாந்து, மொரிஷியஸ், நேபாளம், தான்சானியா, மேற்கிந்தியத் தீவுகள், அப்புறம் இந்தியாவிலிருந்தே வடக்கு, தெற்குன்னு ரெண்டு. எல்லாம் பசங்களும் பொண்ணுங்களும் கலந்த அணி. ஒரு இன்னிங்ஸுக்கு 20 ஓவர் இல்லை, 20 பந்து. நாம சந்துல ஆடற ஆட்டம்தான், விதி எழுதி வச்சிருக்காங்க, அவ்ளோதான். இந்திய அணிகளுக்கு ராஜஸ்தான் ராயல்ஸ் ஆதரவு கொடுத்தது. போட்டிக்கு நடுவுல எல்லா நாட்டுப் பசங்களும் ஒண்ணா உக்காந்து பேசறதுக்கும் நேரம் உண்டு. அவங்களைப் பத்தி மத்தவங்க பேசறது இல்லை, அவங்களே பேசறது. அடையாளச் சான்று, பள்ளிக்கூடம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இதெல்லாம்தான் பேச்சு. சும்மா விளையாட்டு விழாவா இருந்தா நான் இவ்ளோ எழுதமாட்டேன்.

அந்த முதல் சொல்லைக் கவனிங்க. அடையாளச் சான்று.

ஒரு பையன் வால்டாக்ஸ் ரோடு நடைபாதையில பொறக்கறான். பிறப்புப் பதிவு இல்லை. அம்மா கிட்ட ரேஷன் கார்டு இல்லை, முகவரி இல்லாததால. முகவரி ஏன் இல்லைன்னா வீடு இல்லை. கார்ப்பரேஷன்காரங்க வந்து தார்ப்பாயைப் பிரிச்சு எறிஞ்சா இருக்கற ஒரு காகிதமும் குப்பை லாரியில போயிடும். இவன் நல்லா பேட் பிடிக்கறான், லண்டன் போகணும். பாஸ்போர்ட் வேணும். பாஸ்போர்ட் விதியில ரொம்ப வருஷமா ஒரு கோடு இருந்துச்சு. 1989 ஜனவரி 26 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். வேற எதுவும் செல்லாது. 2016 டிசம்பர்லதான் வெளியுறவு அமைச்சகம் அதைத் தளர்த்திச்சு. ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் கார்டுன்னு பலதும் ஏத்துக்கலாம்னு ஆச்சு. பெற்றோர் இல்லாத குழந்தைக்குக் காப்பகத் தலைவர் பிறந்த தேதியை உறுதி செஞ்சு கடிதம் கொடுத்தா போதும். அம்மா அப்பா ரெண்டு பேர் பேரும் வேணும்ங்கறது மாறி ஒருத்தர் பேர் போதும்னும் ஆச்சு. தனியா பிள்ளை வளக்கற அம்மாக்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு வடசென்னையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

இப்ப மறுபடியும் ஒரு கோடு போட்டிருக்காங்க. 2025 பிப்ரவரியில வந்த திருத்தப்படி, 2023 அக்டோபர் 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். இப்ப எல்லாக் குழந்தையும் ஆஸ்பத்திரியில பொறக்குது, எல்லாம் பதிவாகுதுங்கற கணக்கு. எல்லாம்ங்கற சொல்லுக்கு வெளியில இருக்கற குழந்தைங்கதான் பதினஞ்சு வருஷம் கழிச்சு பேட்டைத் தூக்கிட்டு வரும். அன்னிக்கு யாராவது ஞாபகம் வச்சு அந்தக் கோட்டைத் திரும்ப அழிப்பாங்களான்னு பாக்கணும்.

எனக்கு இது புத்தக அறிவு மட்டும் இல்லை. என் பிறப்புச் சான்றிதழ்ல என் பேரே கிடையாது. 'ஆண் குழந்தை'ன்னு இருக்கும். பேர் வைக்கறதுக்கு முன்னாடியே பதிவாகி, அப்புறம் சேர்க்காம விட்ட கோடிக்கணக்கான பேர்ல நான் ஒருத்தன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிச்சப்பதான் முழிச்சேன். ஒரு அலுவலகத்துல நாலு தடவை அலைய விட்டாங்க. நாலாவது தடவை எங்க நைனா கவுண்டர்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னதைப் பாத்தப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு. இன்ஜினியரிங் டிகிரி, கம்பெனிக் கடிதம், ரேஷன் கார்டு எல்லாம் கையில இருக்கற எனக்கே நாலு நடை. தார்ப்பாய்க்கு அடியில பொறந்த பையனுக்கு எத்தனை நடை? அவனுக்காக யாரு நடந்திருப்பாங்க?

இளைஞர்களை நாடு விட்டு நாடு அனுப்பி சிநேகம் பண்ண வைக்கிற யோசனை பழசு. 1932ல டொனால்ட் வாட்ங்கற அமெரிக்கர் தன் நாட்டுப் பிள்ளைங்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. உபதேசம் கேட்டு யாரும் சமாதானமாகப் போறதில்லை, ஒரே தட்டுல சாப்பிட்டாத்தான் நடக்கும்ங்கறது அவர் கணக்கு. முதல் உலகப் போர்ல காயம்பட்டவங்களை ஏத்திப் போக ஆம்புலன்ஸ் ஓட்டின ஏ.எஃப்.எஸ். ஆட்கள், ரெண்டாம் போர் முடிஞ்சதும் 1947ல பள்ளிப் பிள்ளைகளைப் பரிமாறிக்கற திட்டத்தை ஆரம்பிச்சாங்க. மூணு தலைமுறையா அடிச்சுக்கிட்ட பிரான்சும் ஜெர்மனியும் 1963ல எலிசே ஒப்பந்தம் போட்டு, இதுக்குன்னே ஒரு அலுவலகம் தொறந்து, 90 லட்சத்துக்கும் மேல இளைஞர்களை அங்கிட்டும் இங்கிட்டும் அனுப்பியிருக்காங்க. 

எல்லாம் நல்ல யோசனைதான். ஆனா இந்தத் திட்டங்கள்ல போனது பெரும்பாலும் யாரு? பள்ளிக்கூடத்துல படிக்கறவன், வீட்டுல இன்னொரு நாட்டுப் பிள்ளையைத் தங்க வைக்க ஒரு அறை இருக்கறவன். அறையே இல்லாதவன் எதைப் பரிமாறிக்கறது? டர்பன்லேருந்து லார்ட்ஸ் வரைக்கும் நடந்த இந்தக் கதை எனக்கு ஏன் முக்கியமாப் படுதுன்னா, இங்க தான் அந்த வரிசை முதல் தடவையா தலைகீழாச்சு.

அந்த ஏ.எஃப்.எஸ். ஆம்புலன்ஸ்காரங்க ரெண்டாம் போர்ல பர்மா எல்லையிலயும் வண்டி ஓட்டினாங்க. இங்கதான் எங்க தாத்தா வராரு.

1941 டிசம்பர் 23 அன்னிக்கு ஜப்பான்காரன் ரங்கூன் மேல குண்டு போட்டான். லட்சக்கணக்கான இந்தியர்கள் மலைக்காட்டு வழியா நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினாங்க. வழியில செத்தவங்க கணக்கு இன்னிக்கு வரைக்கும் சரியா இல்லை. எங்க கொள்ளுப்பாட்டி நடக்கலை. நிறைமாசம். அதனால தாத்தா பர்மாவுலயே 1942ல பொறந்தாரு. பிறப்புச் சான்றிதழா? குண்டு விழற ஊர்ல யாரு எழுதறது.

ரங்கூன்ல ஒரு தமிழர் மளிகைக் கடையில தாத்தாவுக்கு வேலை. பக்கத்துல ஒரு பர்மாக்காரர், ரெண்டு வயசு மூத்தவர். தாத்தா அவரை 'கோ'ன்னுதான் சொல்வாரு. அந்த மொழியில அண்ணன்ங்கற மாதிரி மரியாதைச் சொல். ரெண்டு பேரும் சேர்ந்து கால்பந்து ஆடுவாங்களாம், சேர்ந்து சினிமா பாப்பாங்களாம். கோவுக்குத் தமிழ்க் கெட்ட வார்த்தை எல்லாம் அத்துப்படின்னு தாத்தா பெருமையா சொல்வாரு (கத்துக் கொடுத்தது யாருன்னு சொல்லமாட்டாரு).

1962 மார்ச்ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிச்சாரு. 1964 மார்ச்ல கடைகள் எல்லாம் அரசுடைமை. தாத்தா வேலை பாத்த கடைக்கு வெளியில 'மக்கள் கடை'ன்னு ஒரு நம்பர் போட்டுப் பலகை மாட்டிட்டாங்க. மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிப்பு. (2016 நவம்பர்ல நம்ம ஊர் வரிசையில நின்னப்போ எங்க ஆயா 'எனக்கு இது ரெண்டாவது தடவைடா நைனா'ன்னு சிரிச்சுது.) பொறந்த மண்ணா இருந்தாலும் வெளிநாட்டான்னு பதிவு அட்டை வச்சிருக்கணும். 1965ல தாத்தா, ஆயா, ஒரு தகரப் பெட்டியோட மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினாங்க. அந்த வருஷங்கள்ல தமிழ்நாட்டுக்கு அப்படி வந்தவங்க ஒன்றரை லட்சத்தை ஒட்டி. இலங்கையிலிருந்து மலையகத் தமிழரைத் திருப்பி அனுப்ப சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே 1964 அக்டோபர்ல. ரெண்டு பக்கமிருந்தும் ஒரே சமயத்துல தமிழனைத் 'தாயகம்' அனுப்பினாங்க, அவன் கண்ணால பாக்காத தாயகத்துக்கு.

அப்படி வந்தவங்க வியாசர்பாடி, எண்ணூர்னு வடசென்னையில பரவினாங்க. பாரிமுனைப் பக்கம் 1969ல பர்மா பஜார் வந்தது. சில பேருக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லை. திரும்பிப் போயிடலாம்னு மணிப்பூர் வழியா நடந்தாங்க. பர்மாக்காரன் உள்ள விடலை. எல்லையில மோரே ஊர்ல அப்படியே தங்கிட்டாங்க. இன்னிக்கும் அங்க தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோவிலும் இருக்கு. ரெண்டு நாட்டுக்கும் வேண்டாதவன் நடுக்கோட்டுல கோவில் கட்டிட்டு உக்காந்துட்டான். இதைவிட வடசென்னைத்தனமான ஒரு பதில் எனக்குத் தெரியாது.

தாத்தா நடக்கலை. துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு. கோவுக்குக் கடிதம் போட்டாரு. ரெண்டு பதில் வந்துச்சு, அப்புறம் வரலை. கோ என்ன ஆனார்னு கடைசி வரைக்கும் தெரியாது. 2015ல தாத்தா போற வரைக்கும் தினம் மத்தியானம் என்னைப் பாத்து ஒரு வாக்கியம் பர்மிய மொழியில கேப்பாரு. 'தமின் சா பீபீலா?' சோறு சாப்பிட்டாச்சான்னு அர்த்தம். பர்மாவுல நலம் விசாரிக்கறதே இப்படித்தானாம். நம்ம ஊர் மாதிரியே. எனக்குத் தெரிஞ்ச பர்மிய மொழி அவ்ளோதான்.

இப்பப் புரியுதா தாத்தா ஏன் வந்தாருன்னு? அவருக்கு இன்னொரு மொழிக்காரன் சிநேகிதனா கிடைச்சான், எந்தத் திட்டமும் இல்லாம. ஒரு காகிதம் இல்லாததால அந்த சிநேகம் அறுந்துச்சு. அம்பது வருஷம் கழிச்சு அதே துறைமுகத்துப் பக்கத்துப் பசங்களுக்கு யாரோ நடந்து ஒரு காகிதம் வாங்கிக் கொடுத்தாங்க.

லார்ட்ஸ் கதையில எனக்குப் பிடிச்ச இடம் இறுதிப் போட்டி இல்லை. அணியே. நாலு பேர் தமிழ், நாலு பேர் மும்பைக்காரங்க. இங்கிலாந்துக்காரன் கிட்டப் பேசறது அப்புறம், முதல்ல தன்னோட பேட்டிங் ஜோடி கிட்ட 'ஓடு', 'வேணாம்', 'ரெண்டு ரன்'னு எந்த மொழியில கத்தறது? இருபதே பந்துல ஒரு ரன் அவுட் ஆனா ஆட்டமே போச்சு (தோனியைக் கேளுங்க). மொழி தெரியாத ஜோடிகிட்ட நம்பி ஓடணும்னா அவன் கண்ணைப் பாக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க டீம்ல ஹைதராபாத், லக்னோ, கொச்சின்னு ஆள் இருந்தாங்க. அஞ்சு நாள் ஒட்டுறவுப் பயிற்சி, பலூன் ஊதறது எல்லாம் நடந்துச்சு. ஒண்ணும் ஒட்டலை. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தப்பதான் ஒட்டுச்சு. ஒண்ணா ஓடினாத்தான் சிநேகம்.

இதுல எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. பத்து நாள் விமானம், ஓட்டல், கேமரா வெளிச்சம். பதினோராவது நாள் மறுபடியும் அதே நடைபாதை. இது அந்தப் பிள்ளைக்கு நல்லதா? பார்வையாளருக்கு நல்லதா? நண்பர் ஒருத்தர் 'ஏழைக் குழந்தையைக் காட்டி காசு பாக்கறானுங்க'ன்னு ஒரே போடா போட்டாரு. எனக்கு அவ்ளோ சுலபமா சொல்ல முடியலை. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழு 2017ல தெருவோரச் சிறாருக்குன்னே தனியா ஒரு விளக்கவுரை வெளியிட்டுச்சு. அவங்களைப் பரிதாபமாவும் பாக்காதே, குற்றவாளியாவும் பாக்காதே, உரிமை இருக்கற மனுஷனாப் பாருங்கறதுதான் அதோட சாரம். கோப்பை மறுநாள் அலமாரிக்குப் போயிடும், ஆனா பேர் போட்ட பாஸ்போர்ட் பையில இருக்கும். அதைக் காட்டி அடுத்த காகிதம் வாங்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்தப் போட்டிகளோட பக்கம்.

2023 செப்டம்பர்ல இது திரும்பி வந்துச்சு. அடுத்த தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது சென்னையிலயே. பல நாட்டுப் பசங்க இங்க வந்தாங்க. உகாண்டா ஜெயிச்சது. ஊர்லயே நடந்த அதை நான் பாத்தேனான்னு கேக்காதீங்க. ரிலீஸ் வாரம். சோழிங்கநல்லூர்ல உக்காந்து யாருமே பயன்படுத்தாத ஒரு பட்டனோட நிறத்தை மாத்திட்டிருந்தேன்.

2024ல கம்பெனி என்னை மூணு மாசம் லண்டன் அனுப்பிச்சு. முதல் சனிக்கிழமையே லார்ட்ஸ். காசு கட்டினா சுத்திக் காட்டுவாங்க. நீளமான அந்த லாங் ரூம், படம் படமா தொங்கற தாடிக்காரங்க. மைதானம் ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்கு ரெண்டரை மீட்டர் சரிவு. டிவியில தெரியவே தெரியாது, நேர்ல பாத்தா தூக்கிவாரிப் போடும். எங்க தெரு மாதிரியே இருக்கேன்னு நினைச்சேன், மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு தன்னால கண்ணு தேடுச்சு. கணேசபுரம் சுரங்கப்பாதைக்காரன் புத்தி. கூட வந்தவர் 1983, 2002ன்னு இந்தியாவோட பெருமையை எல்லாம் சொன்னாரு, கங்குலி சட்டை கழட்டினதையும் விடலை. 2019 மே 7ன்னு நான் எடுத்துக் கொடுத்தேன். கவனமாக் கேட்டுக்கிட்டாரு. பக்கத்துல நின்ன குஜராத்திக் குடும்பத்துப் பெரியவர் 'நீங்க அந்த ஊரா?'ன்னு இந்தியில கேட்டாரு. 'அந்த ஊர்தான், வியாசர்பாடி'ன்னேன். பெரம்பூர் அருகில்னு சொல்லலை.

அன்னிக்கு சாயங்காலம் பசியில தேடினப்போ ஒரு பர்மிய உணவுக்கடை கண்ணுல பட்டுச்சு. உள்ள போனேன். பரிமாற வந்த பொண்ணுக்கு என் வயசு இருக்கும். என்ன தோணுச்சோ, ஆர்டர் சொல்றதுக்குப் பதிலா 'தமின் சா பீபீலா?'ன்னு கேட்டுட்டேன். கையில தண்ணிக் குடுவையோட அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் சிரிப்பு. அறுபது வருஷம் பழைய உச்சரிப்பாம், எங்க தாத்தா மாதிரி பேசறீங்கன்னாங்க. எங்க தாத்தாதான் சொல்லிக் கொடுத்தாருன்னேன்.

யாங்கூன்காரங்க. 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் படிப்பு பாதியில நின்னு வெளியேறினவங்க. இங்க தங்கறதுக்கான காகிதத்துக்குக் காத்திருக்காங்களாம். எத்தனை நடைன்னு கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சு நடுவுலயே விட்டுட்டாங்க. தாத்தா ஏன் பர்மாவை விட்டு வந்தாருன்னு கேட்டாங்க. சொன்னேன். நே வின் பேரைக் கேட்டதும் 'உங்க தாத்தாவை விரட்டினதும் ராணுவம்தானா'ன்னாங்க. அதுக்கு மேல ரெண்டு பேரும் அதைப் பேசலை.

மூணு மாசத்துல அந்தக் கடைக்கு எத்தனை தடவை போனேன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா படியைக் குறைச்சிருப்பாங்க. இப்பவும் செய்தி அனுப்பிக்கறோம். அவங்க திஞ்யானும் நம்ம சித்திரை வருஷப் பிறப்பும் ஏப்ரல் நடுவுல ஒட்டி ஒட்டி வருது. அவங்க புத்தாண்டுப் பேருக்கு மூலம் 'சங்கராந்தி'ங்கற அதே சொல்தான். போன ஏப்ரல்ல பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டி அத்தோவைப் படம் எடுத்து அனுப்பினேன். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, மேல பேஜோ நொறுக்கி, பக்கத்துல வாழைத்தண்டு சூப். எங்க ஆயா கை பக்குவத்துக்கு வராது, ஆனாலும் வியாசர்பாடிக்காரனுக்கு அது தாய்வீட்டுச் சாப்பாடு.

பதில் உடனே வந்துச்சு. அது அத்தோ இல்லையாம், 'அ-தோக்'காம், கலவைன்னு அர்த்தமாம். பேஜோ இல்லை 'பயாஜோ'வாம். மஞ்சள் பொடி யாரு போடச் சொன்னது, வாழைத்தண்டு மொய்ங்கோவுலதானே வரணும், இதுகூட எப்படி வந்துச்சுன்னு வரிசையா திட்டு. 1965ல கப்பல்ல ஏத்தினப்ப சரியாத்தான் இருந்திருக்கும், அறுபது வருஷத்துல மெட்ராஸ் வெயில்ல மாறியிருக்கும்னு சமாளிச்சேன்.

'காகிதம் வரட்டும், நேர்ல வந்து சாப்பிட்டுப் பாத்துட்டு சொல்றேன்'னு எழுதியிருக்காங்க.